சிதைக்குப் போகாத எலி

நாவோ அன்று ராத்திரி புரளவில்லை.

ஊரில் எத்தனையோ பிள்ளைகள் போட்ட இடத்தில் கிடந்து தூங்கும், இதற்கெல்லாமா ஒரு தாய் அலறுவாள் என்று கேட்பவர்களுக்கு நாவோவைத் தெரியாது. ஏழு வயதுக் கழுதை. தலையணையில் வைத்த தலை விடியும்போது அப்பனின் வயிற்றில் இருக்கும்; கால் இரண்டும் தள்ளுகதவின் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு அடுத்த அறைக்குள் நீட்டியிருக்கும். மாதம் தவறாமல் அந்தக் கதவுக்குக் காகிதம் ஒட்டி அலுத்துப்போய், "எனக்குப் பிள்ளை பொறக்கல, உருளைக்கட்டை பொறந்திருக்கு" என்று யசுகே தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அப்படிப்பட்டவள், காலையில் சேக்கி போய்ப் பார்த்தபோது, வலப்பக்கமாக ஒருக்களித்து, முழங்கால்களை மோவாய்வரை மடக்கி, கைகளை மார்புக்குள் ஒடுக்கி, வைத்தது வைத்தபடி கிடந்தாள். ராத்திரி சேக்கி இழுத்துவிட்ட போர்வையின் மடிப்புக்கூடக் கலையவில்லை.

தொட்டதும் விழித்தாள். பசிக்கிறது என்றாள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ஆனாலும் சேக்கிக்கு மனசு ஆறவில்லை.

"அசையவே இல்லைங்க," என்றாள் புருஷனிடம்.

யசுகே கஞ்சியை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். "நல்லதாப் போச்சு. இந்த மாசம் காகிதச் செலவு மிச்சம்."

"விளையாடாதீங்க. மடிப்புகூடக் கலையல."

"உருண்டா திட்டுற, உருளலைன்னா பயப்படுற. அந்தப் பிள்ளைதான் என்ன பண்ணும் சொல்லு?"

அடுப்படியில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்த தொமே, யசுகேயின் அக்கா, கத்தியை நிறுத்தவே இல்லை. "பொம்பளைப் பிள்ளை அடக்கமாப் படுத்தா ஊரே மெச்சும். உன் பொண்டாட்டி மட்டும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறா."

நிற்கத்தான் செய்தாள். காரணத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாததுதான் அவள் தலைவிதி. அது நாவோவின் தலையணைக்கு அடியில் இருந்தது.

அந்த வருஷம் அந்த வீட்டில் இரண்டு சாவு. செர்ரி பூத்த சமயத்தில் மாமியார். மேப்பிள் இலை சிவந்தபோது மாமனார் கிச்சிபே. ஒரே வருஷத்தில் ஒரு வீட்டில் இரண்டு விழுந்தால் மூன்றாவதும் விழும் என்று கியோத்தோவில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதற்குப் பரிகாரமும் தெரியும். இரண்டாவது சவப்பெட்டிக்குள் உயிருள்ள ஏதாவது ஒன்றின் உருவத்தை வைத்து, மூடுவதற்கு முன் வீட்டார் எல்லாரும் அதன்மேல் கை வைத்து, "நீதான் மூணாவது" என்று சொல்லிவிட வேண்டும். அதோடு கணக்குத் தீர்ந்தது. சாவு எண்ணிப் பார்த்துவிட்டுத் தன் வழியே போய்விடும்.

எலியை வைக்கலாம் என்று சொன்னவள் தொமேதான். கிச்சிபேயின் கச்சையில் காலமெல்லாம் தொங்கிய மர எலி அது. இடுப்பில் தொங்கும் புகையிலைப் பையின் கயிறு கச்சைக்குள் புகுந்து மேலே வருமே, அந்த இடத்தில் பை நழுவி விழாமல் தடுப்பதற்கு ஆண்கள் மாட்டிக்கொள்ளும் நெட்சுகே. ஒசாகாவில் யாரோ அந்தக் காலத்தில் செதுக்கியது. வாலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்த எலி. கண்ணுக்குக் கறுப்புக் கொம்பில் இரண்டு பொட்டு. அடிவயிற்றில் கயிறு கோக்க இரண்டு துளை, முடிச்சு உள்ளே மறைவதற்காக ஒன்று பெரிது, ஒன்று சிறிது. யோசனை வந்தால் கிழவர் கட்டைவிரலால் அதன் முதுகைத் தேய்ப்பார். தேய்த்துத் தேய்த்து, செதுக்கிய முடிக்கோடெல்லாம் மழுங்கி, எண்ணெய் குடித்ததுபோல மினுங்கும். அவர் எலி வருஷத்தில் பிறந்தவர். நாவோவும் எலி வருஷம். "வீட்டுல ரெண்டு எலி இருக்கு, அரிசிப் பானையை மூடி வைங்க" என்று வாய் ஓயாமல் சொல்வார்.

அவர் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அந்த எலி நாவோவின் கையில்தான் இருந்தது. அது பெட்டிக்குள் போகிறது என்று தெரிந்ததும் அவள் அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல. மூச்சடைத்து, முகம் நீலம் பாய்ந்து, குடித்த தண்ணீரையும் கக்கினாள். தொமே அதட்டினாள், யசுகே கெஞ்சினான். பெற்றவளால் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? எல்லாரும் பிக்குவுக்குத் தேநீர் கொடுக்கப் போயிருந்த இடைவெளியில், பெட்டிக்குள் வெள்ளைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்த பொட்டலத்தைச் சேக்கி பிரித்தாள். எலியைக் கைமடிப்புக்குள் போட்டுக்கொண்டாள். அதற்குப் பதில் கையில் கிடைத்தது நாவோவின் பழைய துணிப்பொம்மை. அழுக்கேறி, தையல் விட்டு, மூலையில் கிடந்தது. அதுவும் ஓர் உருவம்தானே, போகட்டும் என்று மடித்து வைத்துவிட்டாள்.

பிறகு எல்லாரும் வந்தார்கள். பொட்டலத்தின்மேல் கை வைத்தார்கள். "நீதான் மூணாவது" என்றான் யசுகே. தொமே சொன்னாள். சேக்கி சொன்னாள். நாவோவின் கையையும் பிடித்து வைத்துச் சொல்ல வைத்தார்கள். விக்கலுக்கு நடுவே அவளும் சொன்னாள். அன்று ராத்திரியே எலி யாருக்கும் தெரியாமல் அவள் தலையணைக்கு அடியில் வந்து சேர்ந்தது.

போனவர் நாற்பத்தொன்பதாம் நாள்வரை கூரையைவிட்டு நகரமாட்டார். அந்த நாளுக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. பூசை அறையில் வெள்ளைத்துணி விரித்த மேடையில் அவருடைய சாம்பல் கலயம். முன்னால் அணையாத ஊதுவத்தி. தினம் ஒரு கிண்ணம் சோறு.

அன்று மழை. இடியில்லை, காற்றில்லை, ஓட்டின்மேல் அரிசி புடைப்பதுபோல ஓயாத தூறல். சேக்கி பின்னல் மணையின் முன்னால் உட்கார்ந்து யசுகேயின் கயிற்றுக் கடைக்கு நீலப்பட்டுக் கயிறு பின்னிக்கொண்டிருந்தாள். நூல் நுனிகளில் கட்டிய மரக்குண்டுகள் ஒன்றோடொன்று மோதி டக், டக், டக் என்று எழுப்பும் சத்தத்தில்தான் அந்த வீட்டின் நாள் விடியும், சாயும். அந்தச் சத்தம் கேட்டால் நாவோவுக்குப் பொறுக்காது, பின்னாலிருந்து வந்து ஒரு குண்டைச் சுண்டிவிட்டு ஓடுவாள், பின்னல் பிசகும், சேக்கி கத்துவாள். அன்று யாரும் சுண்டவில்லை. பின்னல் ஒரு பிசிறில்லாமல் வந்துகொண்டே இருந்தது. அந்த ஒழுங்கைப் பார்க்கப் பார்க்கச் சேக்கிக்குக் கை கூசியது. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

நாவோ பூசை அறைக் கதவோரம், சுவருக்கு முதுகைக் காட்டாமல், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி பண்றே?"

"ஒண்ணும் பண்ணல."

"வா, வந்து குண்டைத் தட்டு. அம்மா திட்ட மாட்டேன்."

"வேணாம்."

"ஏன் இப்படி ஆடாம அசையாம உக்காந்திருக்கே?"

"அசைஞ்சா தாத்தாவுக்குத் தேய்க்க வராதும்மா."

சேக்கியின் கையிலிருந்து நூல் நழுவியது. குண்டு மணையில் மோதி உருண்டது. "என்னத்தைத் தேய்க்கிறாரு?"

"முதுகை. கட்டைவிரலால." பிள்ளை கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சொன்னாள். "வலிக்கல. இதமா இருக்கு."

ஓடிப்போய் வாரி எடுத்தாள். எடுத்த வேகத்தில் சேக்கியே தடுமாறினாள். கனமே இல்லை. நேற்றுவரை இடுப்பில் ஏற்றினால் எலும்பு நோகும். இன்று ஒரு கூடைப் பஞ்சைத் தூக்கியதுபோல இருந்தது. தலையில் பிள்ளைகளுக்கே உரிய வேர்வை வாடை இல்லை. பழைய புகையிலையும் மரமும் கலந்த வாடை. கன்னம் மினுங்கியது. சோற்றுப்பருக்கை ஒட்டாத, அழுக்கு ஒட்டாத, தடவினால் விரல் வழுக்குகிற மினுக்கம். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். இடது புருவம் பாதிதான் இருந்தது. பிடுங்கியதுபோல இல்லை. தேய்ந்ததுபோல இருந்தது.

"அண்ணி!" என்று கத்தினாள்.

தொமே ஈரக்கையோடு வந்தாள். பார்த்தாள். அவள் முகத்தில் எப்போதும் இருக்கும் நக்கல் ஒரு கணம் காணாமல் போனது. "சொறிஞ்சிருப்பா. கற்பூரத் தைலம் தடவு," என்றாள். ஆனால் போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

சேக்கி தைலத்தைத் தேடிப் போகவில்லை. படுக்கைகளைச் சுருட்டி வைத்திருக்கும் உள்ளறைக்குப் போனாள். நாவோவின் தலையணையைத் தூக்கினாள்.

எலி அங்கேதான் இருந்தது. கையில் எடுத்ததும் கீழே போட்டுவிட்டாள். சுட்டது என்று சொல்ல முடியாது. கோழிக்குஞ்சைக் கையில் எடுத்தால் இருக்கும் சூடு. மனசைத் திடப்படுத்திக்கொண்டு மறுபடி எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோனாள். முதுகு மினுங்கவில்லை. கிழவரின் கட்டைவிரல் அத்தனை வருஷம் மழுக்கிய இடத்தில் முடி தெரிந்தது. ஒவ்வொரு கோடும், நேற்றுச் செதுக்கியதுபோல, நுனி கூர்மையாக. காது மடலுக்குள் நரம்பு தெரிந்தது. மீசைக் குழியில் புள்ளி தெரிந்தது.

பக்கத்தில் கயிறு கிடந்தது. கருஞ்சிவப்புப் பட்டுக்கயிறு, சேக்கி பின்னி, மாமனார் கையால் முடிச்சுப் போட்டது. முடிச்சு அப்படியே இருந்தது. அறுபடவில்லை, அவிழவில்லை. இரண்டு துளைகளுக்குள் நுழைந்து உள்ளே முடிச்சிட்ட கயிறு, முடிச்சு கலையாமல் எப்படி வெளியே வரும்? கயிற்றோடேயே வாழ்கிறவள் அவள். அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட அவளால் முடியவில்லை. எலியைத் திருப்பினாள்.

அடிவயிற்றில் துளை இல்லை. பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை. மென்மையான, மேடிட்ட வயிறு மட்டும் இருந்தது.

அது மேலெழுந்து தாழ்ந்ததா, தன் கை நடுங்கியதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் பிடிக்கவில்லை. எலியையும் கயிற்றையும் பட்டுநூல் வைக்கும் மரப்பெட்டிக்குள் போட்டு மூடி, மேலே இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தாள். கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினாள். உள்ளே வந்தாள். வாடை போகவில்லை. மறுபடி போய்க் கழுவினாள். தெருக்கோடியில் டிராம் மணி அடித்தது. அந்த மணிச்சத்தம் கேட்டு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஊர் பாட்டுக்கு ஊர் நடந்துகொண்டிருக்கிறது, என் பிள்ளைக்கு மட்டும் என்னவோ நடக்கிறது என்று நினைத்து அழுதாள்.

யசுகே கடை மூடிவிட்டு வந்தபோது மழை விடவில்லை, வெளிச்சம் மட்டும் குறைந்திருந்தது. நாவோ படுத்திருந்தாள். அதே வலப்பக்கம், அதே மடக்கிய முழங்கால்.

"என் உருளைக்கட்டை எங்கே?" என்று குனிந்து அவள் கால்களைப் பிடித்து நீட்டப் பார்த்தான். கால் நீளவில்லை. விளையாட்டாக இழுத்தான். பிறகு விளையாட்டில்லாமல் இழுத்தான். "நாவோ? ஏய், காலை விடு. அப்பாகிட்ட காலைக் குடு."

"வரலப்பா," என்றாள் நாவோ. குரல் எங்கோ பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

யசுகே நிமிர்ந்தான். அவன் சிரிக்காத முகத்தைச் சேக்கி வெகுநாள் கழித்துப் பார்த்தாள். "வைத்தியரைக் கூட்டிட்டு வர்றேன்," என்று குடையைக்கூட எடுக்காமல் ஓடினான்.

தொமே வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். நெற்றியைத் தொட்டாள். தொட்ட கையைத் தன் மடியில் துடைத்துக்கொண்டாள். "சேக்கி, அந்தப் பொம்மையைக் கொண்டா."

"எந்தப் பொம்மை அண்ணி?"

"எந்தப் பொம்மையா? இவ பொறந்தப்போ முதல் சட்டைத் துணியில மிச்சம் பிடிச்சு நீ தைச்சியே, அது. தட்டம்மை வந்தப்போ தலைமாட்டுல வச்சோமே. இவளுக்கு வர்றது எல்லாம் அதுக்குப் போகட்டும்னுதானே அதைத் தைக்கிறது. வச்சுப் பாப்போம், கொண்டா."

சேக்கியின் கண் பூசை அறைச் சாம்பல் கலயத்துக்குப் போனது.

"செவிடா நீ? மூலையிலதானே கெடந்தது?"

"அண்ணி..." என்று இழுத்தாள் சேக்கி. அழுக்குப் பொம்மை என்றுதான் நினைத்தாள். ஏற்கெனவே அம்மையை வாங்கிக்கொண்ட பொம்மை, எரிந்து போனால் நல்லதுதானே என்றும் நினைத்திருந்தாள். அதற்குமேல் அவள் யோசிக்கவே இல்லை. "எலி பெட்டிக்குள்ள போகல அண்ணி. நான் எடுத்துட்டேன். இவ அழுத அழுகைக்கு... பொட்டலத்துல நான் வச்சது அந்தப் பொம்மையைத்தான்."

தொமேவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஓங்கிய கையை அடிக்காமலே கீழே விட்டாள். அடித்திருந்தால் சேக்கிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அடிப்பாவி! அது பொம்மை இல்லடி. அது இவதான். இவ பேருல நின்ன பொம்மை. அது மேல கையை வச்சு எல்லாரும் சொன்னோமே... இவளையும் சொல்ல வச்சோமே..." அவள் பிள்ளையைக் கை காட்டினாள். "மூணாவது நீதான்னு இவளைப் பார்த்தேதான் சொல்லியிருக்கோம், சேக்கி."

இரண்டு பேரும் நாவோவைப் பார்த்தார்கள். நாவோவின் கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை.

"எலி எங்கே?" தொமே எழுந்தாள். "எடு. அதை இப்பவே நெருப்புல போடுவோம். போட்டு, நீதான் மூணாவதுன்னு சொல்லுவோம். நாளைக்கு நாற்பத்தொன்பது. அதுக்குள்ள மாத்திச் சொல்லிட்டா அப்பா கேப்பாரு. அவருக்கு இவ மேல உயிரு."

மரப்பெட்டியின் மேல் இஸ்திரிப் பெட்டி வைத்தபடியே இருந்தது. சேக்கி அதைத் தூக்கி, மூடியைத் திறந்தாள். உள்ளே கொஞ்சம் மரத்தூள். பெட்டியின் கீழ் மூலையில் கட்டைவிரல் நுழையும் அளவு ஓர் ஓட்டை, உள்ளிருந்து கொறித்தது. எலி இல்லை. கயிறும் இல்லை.

மேலே, கூரைப் பலகைக்குள், ஏதோ ஒன்று ஓடியது. சின்னக் கால்கள். ஓடி, நின்று, மறுபடி ஓடி, தெருப்பக்கம் போய் மழையில் அடங்கிவிட்டது.

"நான் கோயிலுக்குப் போறேன்," என்றாள் தொமே. செருப்பை மாட்டினாள். "பிக்குவைக் கையோட கூட்டிட்டு வர்றேன். பிள்ளையை மடியை விட்டு எறக்காதே. யார் கூப்பிட்டாலும் எறக்காதே. கதவைத் தாழ் போட்டுக்கோ."

தாழ் போட்டாள். வீட்டில் அவளும் நாவோவும் மட்டும்தான். இல்லை. பூசை அறையும் இருந்தது.

நடுக்கூடத்தில், கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விளக்கு ஏற்றவேண்டிய நேரம். அதற்கும் எழ மனசில்லை. சட்டிக் கங்கின் சிவப்பும், காகிதக் கதவு வழியாகக் கசியும் மழைநாளின் சாம்பல் வெளிச்சமும்தான் கூடத்தில் இருந்தன. பூசை அறையிலிருந்து ஊதுவத்தி வாடை வந்தது. அதன் அடியில் வேறொரு வாடை, யாரோ பையைத் திறந்து புகையிலைத் தூளைக் கிள்ளி எடுக்கும்போது வருமே, அது. சேக்கி வாய்க்குள் பிரார்த்தனையை முணுமுணுத்தாள். பாதியில் வார்த்தை மறந்தது. முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி மறந்தது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. கிறீச். சற்று நேரம் கழித்து, கிறீச். ஒவ்வொரு நாள் காலையும் அந்த வீட்டில் கேட்ட சத்தம்தான். பட்டுக்கச்சையை இடுப்பில் சுற்றி, ஒவ்வொரு சுற்றாக இறுக்கும்போது பட்டு பட்டோடு உரசும் சத்தம்.

யாரோ கிளம்புகிறார்.

"மாமா," என்றாள் சேக்கி கதவைப் பார்த்து. குரல் எழும்பவில்லை. "மாமா, தப்பு என்மேலதான். பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

சத்தம் நின்றது. கேட்டுக்கொண்டார் போலிருந்தது. பிறகு மறுபடி, கிறீச்.

நாவோவின் உடம்பு குளிர்ந்துகொண்டிருந்தது. சூடு பிறக்கட்டும் என்று சட்டைக்குள் கையை விட்டு முதுகைத் தேய்க்கப் போனவள், தேய்க்க என்ற நினைப்பு வந்ததுமே கையைப் பின்னுக்கு இழுத்தாள். வயிற்றைத் தடவினாள். விலா எலும்புக்குக் கீழே விரல் ஏதோ ஒன்றில் இறங்கியது.

ஒரு துளை. ரத்தம் இல்லை. ஓரம் வழவழவென்று இருந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று. அது கொஞ்சம் சிறியது.

கத்தினாளா என்று அவளுக்கே தெரியாது. கத்தியிருந்தாலும் மழையில் யாருக்கும் கேட்டிருக்காது.

துளையிலிருந்து கயிறு. கருஞ்சிவப்பு. அவள் பின்னியது. சட்டைக்குள்ளிருந்து வெளியே வந்து, மடியைத் தாண்டி, பாய்த்தரைமேல் நேராக ஓடி, பூசை அறையின் தள்ளுகதவுக்கு அடியில் புகுந்திருந்தது. தொய்வில்லை. வீணை நரம்புபோல விறைத்து நின்றது.

கயிறு அசைந்தது. ஒரு கட்டைவிரல் நீளம். நாவோ அவள் மடியிலிருந்து ஒரு கட்டைவிரல் நீளம் நகர்ந்தாள்.

பின்னல் மணையருகே கத்தரிக்கோல் இருந்தது. எட்டிப் பிடித்தாள். கயிற்றை விரலில் மடித்து, கத்தரியின் வாய்க்குள் வைத்தாள். கயிறு துடித்தது. டப். டப். டப். நின்று நின்று, நிதானமாக. நாவோவின் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். கழுத்தில் துடிப்பு இல்லை. துடிப்பு முழுக்கக் கயிற்றில்தான் இருந்தது.

கத்தரியை வீசி எறிந்தாள்.

வெட்ட முடியாது. விடவும் முடியாது. இழுக்கிறவர் இழுத்துக்கொண்டே இருந்தார். அவசரம் இல்லை, கோபம் இல்லை.

சேக்கிக்கு ஒரு வழிதான் தோன்றியது. தாய்க்கு வேறென்ன வழி தோன்றும்? பிள்ளையைப் பின்னால் தள்ளி, பூசை அறைக் கதவுக்கும் பிள்ளைக்கும் நடுவே குறுக்கே படுத்தாள். கயிற்றைத் தன் இடது மணிக்கட்டில் சுற்றினாள். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு ஒன்று உண்டு, ஆற்றுப் படகுக்காரர்கள்கூட அந்த வீட்டில் வந்து கேட்டுக் கற்றுக்கொண்டு போவார்கள், அதைப் போட்டாள். பல்லால் கடித்து இறுக்கினாள். தோல் கிழிந்தது.

"நான்தான் மூணாவது," என்றாள். இந்தத் தடவை குரல் எழும்பியது. "கேக்குதா மாமா? என் வாயால சொல்றேன். நான்தான். என்னைக் கூட்டிட்டுப் போங்க."

கச்சைச் சத்தம் நின்றது. இழுப்பு நின்றது.

மழை மட்டும். கங்கு ஒன்று உடைந்தது. சேக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். பின்னால் நாவோ லேசாக முனகினாள். உயிருள்ள பிள்ளையின் முனகல். சேக்கிக்குக் கண்ணீர் பொங்கியது. கேட்டுவிட்டார். மனுஷர் நல்லவர், கேட்டுவிட்டார். பயமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பயத்தை அவள் வரவேற்றாள்.

தெருவில் காலடிகள். கதவு இடிபட்டது.

"சேக்கி! கதவைத் தொற!" யசுகேயின் குரல். "வைத்தியர் வந்திருக்காரு! தாழை எடு!"

"வர்றேங்க!" என்று கத்தினாள். எழப்போனாள். மணிக்கட்டில் ஏதோ ஊர்ந்தது.

குனிந்து பார்த்தாள்.

அந்த வீட்டில் கயிற்றை யாரும் அறுப்பதில்லை. எவ்வளவு சிக்கானாலும், எவ்வளவு நேரமானாலும், உட்கார்ந்து அவிழ்ப்பதுதான் கிச்சிபேயின் வழக்கம். கங்கின் சிவப்பில் சேக்கியின் மணிக்கட்டு நன்றாகவே தெரிந்தது. முடிச்சின் மேல் கண்ணி தானாக மேலெழுந்தது. யாரோ நகத்தால் நெம்பியதுபோல. தளர்ந்தது. நுனி பின்னால் போய், அடியில் நுழைந்து, வெளியே வந்தது. வலிக்காமல். பதமாக. மருமகளின் கையைத் தொடாமல்.

"சேக்கி! என்னடி பண்றே உள்ளே?" தொமேயும் வந்துவிட்டாள். கதவு அதிர்ந்தது.

சேக்கி மறுபடி முடிச்சிட்டாள். இரட்டை முடிச்சு. அது அவிழ்ந்தது. மூன்றாவது சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்து, இன்னொன்று போட்டாள். அதுவும் அவிழத் தொடங்கியது. ஒவ்வொரு தரமும் அவள் கைக்கு வரும் கயிறு முன்னைவிடக் குறைந்தது. ஒவ்வொரு தரமும் முதுகுப்பக்கம் பாய்மேல் மரம் உரசும் சத்தம், ஒரு கட்டைவிரல் நீளத்துக்கு. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை நின்றுவிடும். முடிச்சிட்டாள். அவிழ்ந்தது. முடிச்சிட்டாள். பூசை அறைக் கதவு ஒரு பிள்ளை நுழையும் அளவு தானாகத் திறந்துகொண்டது.

முடிச்சிட்டாள்.